காலி என்று எழுத மறுத்தவர்

எங்கள் அலுவலகத்தில் மற்றவர்களின் செருப்புகள் வருடம் முழுக்க ஒரே நிறத்தில் இருக்கும். அவருடையது மட்டும் வாரத்துக்கு ஒரு நிறம். ஆற்றோரம் போய் வந்தால் வெளுத்த வண்டல், மயிலம் பக்கம் போய் வந்தால் செம்மண். அலுவலகம் பெருக்க வருகிற ஆயாம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "படம் போடற அம்மா நேத்து எந்தப் பக்கம் போய்க்கினு வந்துச்சுன்னு தரையப் பாத்தே சொல்லிடுவேன்."

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஊர்கள் எந்தப் பக்கம் வளரலாம், சாலை எங்கே போகலாம், பஸ் எங்கே நிற்கலாம், எதை வயலாகவும் திடலாகவும் விட்டுவைக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற சிறிய அரசு அலுவலகம் எங்களுடையது. ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. நான் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்துவதும் போகிற கடிதத்தைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. அவர் வரைவாளர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார்.

வரைபடத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை, பச்சை என்றால் வயல், தோப்பு, திடல். மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள், வரைவாளர் நிறம் தீட்டுவார். மற்ற அலுவலகங்களில் அப்படித்தான் நடந்தது. எங்களிடம் நடக்கவில்லை. கண்ணால் பார்க்காத இடத்தில் அவர் கோடு போட மாட்டார்.

பார்ப்பது என்றால் ஜீப்பில் போய் இறங்கி எட்டிப் பார்ப்பதல்ல. நடக்க வேண்டும். சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் கறுப்புக் குடை, தோளில் டேப்பும் நோட்டும் போட்ட பை. வயல் வரப்பில் ஒற்றையாகப் போகிற அவரைப் பார்த்து, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா அளக்கற? எங்க நெலத்த எடுக்கப் போறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தெரிந்தால் தெரியும் என்பார். தெரியாவிட்டால், "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்பார். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, சுற்று வழியானாலும், அந்த ஆளைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

விழுப்புரத்துக்கு ஒரு சுற்றுச்சாலை யோசனை வந்தபோது ஆபீசரே பழைய கிராம வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்திருந்தார். அதன் மேல் மை ஏற்றுவது மட்டும்தான் இவர் செய்ய வேண்டியது. மூன்று நாள் ஆளைக் காணோம். நான்காம் நாள் படம் ஆபீசர் மேசைக்குப் போனது. கோடு ஓரிடத்தில் ஒதுங்கி வளைந்திருந்தது.

"எதுக்கும்மா இங்க வளையுது?"

"அங்க வாய்க்கால் சார். ஏரிக்குத் தண்ணி வர்ற வாய்க்கால்."

"வரைபடத்துல இல்லையே."

"வரைபடத்துல இல்ல சார். தரையில இருக்குது."

"சித்திரை வெயில்ல போய்ப் பாத்துட்டு வாய்க்கால்ங்கறீங்க. தண்ணி இருந்துச்சா?"

"தண்ணி இல்ல. நண்டு வளை இருந்துச்சு. கட்டாந்தரையில நண்டு வளை தோண்டாது சார்."

ஆபீசர் கோட்டை நேராக்கச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றார் இவர். ஆபீசர் எழுத்தில் கொடுக்கவில்லை, இவர் நேராக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் படம் அனுப்பும் கெடு நெருங்கியது. வேறு வரைவாளர் இல்லை. வளைவோடுதான் போனது.

இதையெல்லாம் நான் ரசித்தேன் என்றால் பாதிதான் உண்மை. அந்தப் பிடிவாதம் என் பக்கமும் ஒருமுறை திரும்பியது. முகையூரில் என் மனைவியின் தம்பி வீடு கட்டத் தொடங்கினான். அனுமதிக்கு ஒரு வரைபடம் வேண்டும். "உங்க ஆபீஸ் மேடத்தக் கேளுங்களேன், கூடப் படிச்சவங்க மாதிரிதானே பழகறீங்க" என்றாள் மனைவி. கேட்டேன். "போட்டுத் தர்றேன் சார். எடத்தப் பாத்துடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். மனைவி தம்பியின் வீட்டில் கோழி அடித்துச் சமைத்திருந்தார்கள். இவர் முதலில் டேப்பை விரித்தார். இரண்டு பக்கமும் அளந்தார். தெருவைப் பார்த்தார்.

"சுவரு ரெண்டு அடி தெருவுக்குள்ள வருது."

"எல்லாரும் அப்பிடித்தாங்க கட்டியிருக்காங்க" என்றான் மைத்துனன்.

"அதனாலதான் மாட்டு வண்டி திரும்ப முடியாம மூலை வூட்டு ஓட்ட இடிச்சிகினு போவுது. ரெண்டு அடி உள்ள தள்ளுங்க, இன்னிக்கே போட்டுத் தர்றேன்."

அவன் தள்ளவில்லை. இவர் போட்டுத் தரவில்லை. சாப்பிடாமல் கிளம்பினால் தப்பாக இருக்கும் என்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தார். மைத்துனன் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. "அந்தம்மா பேச்ச இந்த வூட்டுல எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

அவர் கோட்டக்குப்பத்துக்காரர். அண்ணன்கள் இருவரும் வளைகுடாவில் இருந்தார்கள். விடுமுறையில் வரும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து இருக்கச் சொல்வார்கள். "செண்டு பாட்டிலு குடுக்கறாங்க, கூடவே புத்தியும் குடுக்கறாங்க. செண்ட மட்டும் வாங்கிக்கினேன்" என்று சிரிப்பார். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு விதவை அம்மாளின் வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தார்.

ஏன் இப்படி நடந்தே தேய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். டிரேசிங் தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். சிறுவயதில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பொம்மையார்பாளையம் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்ததாம். சாலைக்காக ஒரு கோடு வந்தது. அது தோப்பை விட்டுவிட்டுக் கிணற்றின் மேல் போனது. தெருவுக்கே குடிதண்ணீர் கொடுத்த கிணறு. நாலு முழம் தள்ளியிருந்தால் தப்பியிருக்கும். "எங்கூட்டு ஆளுங்க போய்க் கேட்டாங்க. படத்துல கிணறு இல்லன்னுட்டாங்க. அத வரைஞ்சவரு எங்க ஊருக்கு வந்ததே இல்ல சார்." அதுதான் காரணமா, அல்லது நான் கேட்டதற்காகச் சொன்னாரா, தெரியாது. அவர் அதை மறுபடி சொல்லவில்லை.

பிறகு திண்டிவனம் வந்தது.

திண்டிவனத்துக்கான நகரத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஊரின் ஓரத்தில், பிரம்மதேசம் போகிற பஸ் திரும்புகிற இடத்தில், ஒரு மந்தைவெளி இருந்தது. சுற்றிலும் புளியமரங்கள், நடுவில் ஒரு குட்டை. அதை ஒட்டிய நிலங்களை ஊரின் பெரிய புள்ளி ஒருவர் வாங்கிப்போட்டிருந்தார். மந்தைவெளியும் மஞ்சளாகிவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து மனை போட்டுவிடலாம். ஒரு நாள் அந்தப் பெரிய புள்ளி எங்கள் ஆபீசரோடு காபி குடித்துவிட்டுப் போனார். அன்று மாலையே பட்டியல் ஒன்று இவர் மேசைக்கு வந்தது. மந்தைவெளிக்கு நேரே, 'தற்போதைய உபயோகம்: காலி. உத்தேச உபயோகம்: குடியிருப்பு' என்று இருந்தது.

மறுநாள் இவர் காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் போனார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அங்கேயே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள் ஆபீசரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"காலின்னு எழுத முடியாது சார்."

"ஏன்?"

"ஒரு நாள் முழுக்க உக்காந்துகினு பாத்தேன். ஒரு நிமிஷங்கூட காலியா இல்ல. காத்தால மாடு. வெயில் ஏறினா மல்லாட்டை காய வெக்கறாங்க, கேப்பை அடிக்கறாங்க. மத்தியானம் பஸ்ஸுக்கு நிக்கற ஜனம் பூரா அந்த நெழல்லதான் நிக்குது. சாயங்காலம் பசங்க ஆடுதுங்க. மழை பெஞ்சா நாலு தெருத் தண்ணியும் அந்தக் குட்டைக்குத்தான் வரணும், வேற போக்கு இல்ல."

"நான் மஞ்சள் போடச் சொல்றேன்."

"எழுத்துல குடுங்க சார்."

"எல்லாத்துக்கும் எழுத்து, எழுத்துன்னா எப்படிம்மா?"

"நீங்க வாயால சொன்னா உங்களுக்கு மறந்துடும் சார். எனக்கு மறக்காது. அதான் கேக்கறேன்."

இந்த முறை ஆபீசர் முன்யோசனையோடு இருந்தார். கடலூரிலிருந்து ஒரு வரைவாளரை ஒரு வாரத்துக்கு வரவழைத்தார். அவர் திண்டிவனத்துக்குப் போகவில்லை. எங்கள் மாடியிலேயே உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மந்தைவெளியை மஞ்சளாக்கிவிட்டுப் போனார். படம் நகலெடுக்கிற அம்மோனியா நெடியோடு பிரதிகள் தயாராயின. சட்டப்படி திட்டத்தைப் பற்றிப் பொது அறிவிப்புத் தர வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் தரலாம். அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். அதைத் திண்டிவனத்தில் ஒட்டிவிட்டு வர அனுப்பப்பட்டவனும் நான். "சும்மா எங்கியாவது ஒரு ஓரமா ஒட்டிட்டு வாங்க" என்றார் ஆபீசர். ஒரு கட்டடத்தில், திறந்தால் கதவு மறைத்துவிடும் இடமாகப் பார்த்து ஒட்டினேன்.

அன்று இவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு அதே ரயிலில் வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒட்டிவிட்டு டீ குடிக்கச் சந்தைப் பக்கம் போனேன். வாரச்சந்தை நாள். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிற மேடையின் மேல், குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இவர் நின்றிருந்தார். கையில் என் தட்டச்சின் கார்பன் பிரதி. சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். என்னை அவர் பார்த்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

சட்டத் தமிழ் யாருக்கும் புரியவில்லை. கீரைக்கட்டு விற்கிற ஒரு பெண் கேட்டார்: "மஞ்சான்னா இன்னாம்மா?"

"மஞ்சான்னா வூடு கட்டற மனை."

"மந்தைவெளியிலயா? அப்ப மல்லாட்டைய எங்க காய வெக்கறது?"

"அதத்தான் எழுதிக் குடுக்கணும். ரெண்டு மாசத்துக்குள்ள, விழுப்புரம் ஆபீசுக்கு."

"எங்களுக்கு எழுத வராதே. நீயே எழுதிக் குடும்மா."

"நான் எழுதக் கூடாது. நான் அந்த ஆபீசுல சம்பளம் வாங்கறவ. உங்க தெருவுல படிச்ச புள்ளைங்க இருக்குமே, அதுங்கள எழுதச் சொல்லுங்க. நீங்க அந்த எடத்துல இன்னா பண்றீங்களோ, அத மட்டும் எழுதுங்க. அது போதும்."

விஷயம் ஆபீசர் காதுக்கு மறுநாளே வந்துவிட்டது. விளக்கம் கேட்டு இவருக்கு மெமோ போனது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அவருடைய பதில் மூன்று வரி: 'பொது அறிவிப்பு என்று இருந்ததால் பொது இடத்தில் படித்தேன். அதில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. நிறங்களின் பொருளைக் கேட்டார்கள், சொன்னேன். அது வரைபடத்தின் ஓரத்திலேயே உள்ளது.' வருத்தம் தெரிவிக்கிறேன் என்கிற வழக்கமான கடைசி வரி அதில் இல்லை. ஹெட்கிளார்க் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஒரு வரிய சேத்துடுங்கம்மா, ஃபைல மூடிடுவாங்க" என்றார். "வருத்தம் இல்லியே சார்" என்றார் இவர்.

இரண்டு மாதம் முடியப்போகிற வரை ஒரு ஆட்சேபணையும் வரவில்லை. நான் தினமும் தபால் பையைப் பிரித்தேன். அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆபீசர்தான் தினமும் கேட்டார்.

கடைசி நாள் மாலை நாலேகால் மணிக்கு மருந்துக்கடை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்பெட்டி நிறையப் பெண்கள், சில கிழவர்கள். பள்ளிக்கூட நோட்டுத் தாள்களில் எழுதிய மனுக்கள். வழியில் டயர் வெடித்து மூன்று மணி நேரம் விக்கிரவாண்டியில் நின்றுவிட்டார்களாம். படியேறி வராந்தாவில், நான் தபால் வாங்குகிற ஜன்னல் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஆபீசர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நேரம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க. வேணும்னா நாளைக்கு வாங்கிட்டு நாளைத் தேதி போடுங்க."

ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்து பதிவேட்டை மூடினேன். வரிசையின் முன்னால் நின்ற கிழவர் கும்பிட்டார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நேரம் முடிஞ்சிடுச்சுங்க" என்றேன்.

இவர் தன் மேசையிலிருந்து எழுந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அலுவலகக் கதவு வழியாக வெளியே போய், வராந்தாவைச் சுற்றி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அந்தப் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"சார், நானும் ஒரு ஆட்சேபணை குடுக்கணும்."

"மேடம், நீங்க ஆபீஸ் ஆளு."

"அறிவிப்புல இன்னா போட்டிருக்குது? 'எவரும்'னு போட்டிருக்குது. நீங்கதான் டைப் அடிச்சீங்க."

"மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"மணி நாலு நாப்பது. வாங்க மாட்டேன்னா, வாங்கலேன்னு எழுதிக் குடுங்க. நான் போய்டறேன்."

குரல் உயரவில்லை. நீட்டிய கை மட்டும் அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால் ஆபீசர் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். எனக்குத் திடீரென்று வீரம் வந்தது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அவர் வந்து உட்கார்ந்து வழக்கம்போல "வணக்கம் சார்" என்பாரே, அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றுதான் யோசித்தேன். பதிவேட்டைத் திறந்தேன். முத்திரையை மைத்திண்டில் வைத்து எடுத்தேன். அவர் மனுவின் மேல் அன்றைய தேதி விழுந்தது. அவர் நகர்ந்து அந்தக் கிழவருக்கு இடம் விட்டார். ஐந்து மணிக்கு முன்னால் வரிசையில் நின்ற கடைசிப் பெண்ணின் தாள் வரைக்கும் வாங்கினேன். எனக்குப் பின்னால் அறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

அவருடைய மனுவில் கோரிக்கை என்று எதுவும் இல்லை. அந்த ஒரு நாள், புளியமரத்தடியில் உட்கார்ந்து அவர் எழுதிய குறிப்பு முழுவதும், மணி வாரியாக இருந்தது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மனுக்களைப் படித்துவிட்டு, காலி என்று எழுதியது யார், போய்ப் பார்த்தது யார் என்று இரண்டே கேள்வி கேட்டார். கடலூர் வரைவாளர் தான் போகவில்லை என்றார். ஆபீசர் ஜீப்பில் அந்த வழியாகப் போனதுண்டு என்றார். மந்தைவெளி மறுபடி பச்சையானது. ஒரு மூலையை மட்டும் பஸ் திரும்ப விட்டார்கள். அது ஊர்க்காரர்களே கேட்டது.

ஆனால் அந்த முடிவு வருவதற்குள், அலுவலக ரகசியத்தைப் பொதுமக்களிடம் பேசியதாக இவருக்கு ஒரு கண்டனமும் தெற்குக் கோடிக்கு ஒரு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டன. முடிவு வந்த மறுவாரம் விழுப்புரம் சந்திப்பில் வழியனுப்பப் போனேன். பிளாட்பாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, படங்கள் சுருட்டிய தகரக் குழாய், குடை.

"இப்பகூட ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா நிறுத்திடுவாங்க மேடம். எடம்தான் தப்பிச்சிடுச்சே, இனிமே எதுக்கு..."

"எடம் தப்பிச்சிடுச்சு. என் ஃபைல்ல நான் தப்பு பண்ணேன்னு இல்ல இருக்குது? நான் இன்னா தப்பு பண்ணேன்னு அவங்க சொல்லட்டும் சார். இல்லன்னா அத எடுக்கட்டும்."

போனவர் அடுத்த மாதமே மேல்முறையீடு அனுப்பினார். கண்டனம் கிளம்பிய எங்கள் அலுவலகம் வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்பதால் என் கைக்கு வந்தது. முத்திரை குத்தி அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. வாசகம் மாறாது, தேதி மட்டும் மாறும். அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு மாதத்தின் முதல் வாரம் வந்தால், "இன்னும் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஆபீசர் மாற்றலாகிப் போனார். வேறொருவர் வந்தார். அவரும் போனார். மேல்முறையீடு வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது வருடம், மேலே யாருக்கோ அலுத்துவிட்டதா, நியாயம் பட்டதா தெரியாது, கண்டனம் ரத்து என்று உத்தரவு வந்தது. அதன் நகலை நானே சந்தோஷமாகத் தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினேன். உள்ளே தனியாக ஒரு துண்டுத் தாளில் என் வாழ்த்தையும் எழுதி வைத்தேன்.

பத்து நாளில் உறை திரும்பி வந்தது. நான் அனுப்பிய நகல்தான். மந்தைவெளியின் சர்வே எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் அந்தச் சின்ன, சாயாத எழுத்தில் எழுதியிருந்தார்:

'இந்த எண் பக்கத்துச் சுடுகாட்டுடையது. சரிபார்த்துத் திருத்தி அனுப்பவும்.'

மூல உத்தரவை எடுத்துப் பார்த்தேன். அதில் சரியாகத்தான் இருந்தது. தவறு என் விரலுடையது. மறுபடி தாளைச் செருகி, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து அடித்து, அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.